யாருக்காக இந்த ஆராய்ச்சி?

விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை. எதை முதலில் ஆராய்வது, எதைக் கடைசியில் ஆராய்வது என்று தீர்மானிப்பவர் யார்? இதைத்தான் கேட்கிறோம்.

கேரளத்துக் காசர்கோட்டைப் பாருங்கள். அங்கே சர்க்கார் கார்ப்பரேஷனின் முந்திரித் தோட்டங்களில், 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். பூச்சி சாகுமா என்று பார்த்தார்கள். கீழே கிணற்று நீர் குடிக்கும் கூலிக்காரியின் வயிற்றுப் பிள்ளை என்னாகும்? இந்தக் கேள்விக்கு வரிசையில் கடைசி இடம்!

அகமதாபாத்திலுள்ள, தொழில்வழி நோய்களை ஆராயும் தேசிய நிலையம் பட்ரே கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தது 2001-ல்தான். ரத்தத்தில் மருந்து இருந்தது. பிறவிக் கோளாறுகளும் மிகுந்திருந்தன. அப்போதாவது விழித்தார்களா? இல்லை. 2003-ல் ஒரு கமிட்டி, நோய்க்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை என்றது! வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது 2011 மே மாதத்தில். அதுவரை சந்தேகத்தின் பலன் மருந்துக்கே, மனிதனுக்கு இல்லை. (ஆலைப் பஞ்சுத் தூசியின் கதையும் வேறல்ல, அதைத் தனியே எழுதுவோம்.)

புது மருந்து எதுவானாலும், தெளிப்பவன் உடம்பையும் ஊரார் குடிக்கும் தண்ணீரையும் பற்றிய சோதனை முதலில் நடக்கட்டும். எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் கமிட்டியில் விவசாயத் தொழிலாளியும் உட்காரட்டும். சோதனை முடிவை ஊர்ச் சாவடியில், அவ்வூர் மொழியிலேயே ஒட்டுங்கள்.