பார்த்ததைச் சொல்லப் பாதுகாப்பு வேண்டும்
பனவடலிசத்திரம் வட்டாரச் செவிலியரின் கோரிக்கைச் சாசனம்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தென்காசி மாவட்ட நிர்வாகத்துக்கும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்துக்கும், தனியார் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும்:

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பெண்கள் வார்டு என்றால் இரண்டு கோமதியாவது இருப்பார்கள். எங்களில் ஒருவர் இரவுப் பணியில் கண்டது இது. மூத்த செவிலியர் ஊசியோடு வந்து, "கோமதி யாரும்மா?" என்றார். தூக்கக் கலக்கத்தில் கை தூக்கியவருக்கே போடப் போனார். கேஸ் ஷீட்டைப் பார்க்கவில்லை, ஐ.பி. எண்ணையும் கேட்கவில்லை. "அக்கா, அது மூணாம் பெட்டு கோமதிக்கு" என்று இளையவர் கையைப் பிடித்ததால் ஆபத்து விலகியது. நடந்ததை மேலே சொன்னதற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு மாதத் தொடர் இரவுப் பணியும், காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரும்.

தடுக்கப்படாமல் போன தவறுகளும் உண்டு. சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தன் தொற்றை அறிந்த கொடையாளர் தாமே வந்து சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. சீருடை அணிந்த எங்களுக்கு இது ஆறாத வலி.

சொன்னாலும் கேட்க ஆளில்லாத நிலை இங்கே மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் மருத்துவமனைச் செவிலியர் டோனி ஹாஃப்மன், ஓர் அறுவை மருத்துவரைப் பற்றி 2003 முதல் நிர்வாகத்திடம் முறையிட்டார். 2005-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் போன பிறகே விசாரணை வந்தது.

வெளியாள் எங்களை அடித்தால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. உள்ளே நடந்ததைச் சொன்னதற்காகப் பழிவாங்கினால் எங்கே போவது? ஆகவே கோருகிறோம்:

1. மாவட்டந்தோறும், எந்த மருத்துவமனைக்கும் கட்டுப்படாத முறையீட்டு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் முதல் தனியார் மருத்துவமனை வரை அவர் வரம்புக்குள் வரவேண்டும். சொன்னவர் பெயர் வெளியே போகக் கூடாது.

2. முறையிட்ட ஓராண்டுக்குள் இடமாற்றமோ பணிநீக்கமோ நேர்ந்தால், அது பழிவாங்கல் அல்ல என்பதை நிர்வாகமே நிரூபிக்க வேண்டும்.

3. தொகுப்பூதியச் செவிலியரின் பணி நீட்டிப்பை, முறையிட்டதற்காக நிறுத்தக் கூடாது. தனியார் நிர்வாகங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது.

4. முறையீட்டை 30 நாளில் விசாரித்து, முறையிட்டவருக்கு முடிவை எழுத்தில் தரவேண்டும்.

5. தவறியவரிடமும் நியாயமாக நடக்க வேண்டும். ஒற்றை ஆளாய் மொத்த வார்டையும் பார்த்த களைப்பா, பயிற்சிக் குறைவா, அலட்சியமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆள் பற்றாக்குறைக்குச் செவிலியரைப் பலியாக்கக் கூடாது.

6. நோயாளியின் கையில் பெயரும் ஐ.பி. எண்ணும் எழுதிய பட்டை கட்டவேண்டும். ரத்தம், இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றை இருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே செலுத்தவேண்டும். அதற்கு இரவிலும் இருவர் பணியில் இருக்கவேண்டும்.

7. தவறு நேர்ந்தால் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் அன்றே உண்மையைச் சொல்லவேண்டும்.

செப்டம்பர் 17, உலக நோயாளி பாதுகாப்பு நாள். வரும் அந்நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

எங்கள் பங்குக்கு ஓர் உறுதி தருகிறோம். சொந்தப் பகைக்காக யார்மீதும் முறையிட மாட்டோம். கண்ணெதிரே தவறு நடந்தால் முதலில் கையைப் பிடிப்போம், பிறகு எழுதுவோம். நாளை எங்கள் கையை ஓர் இளையவர் பிடித்தால், "நல்லவேளை பிடிச்சே, தாயி" என்று நன்றி சொல்லும் மூத்தவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
பனவடலிசத்திரம் வட்டாரச் செவிலியர்கள்