இழுவைன்னு சொன்னவன் நான்தான்

"படம் எப்படிடா?"ன்னு கேட்டா நம்ம பசங்ககிட்ட மூணே பதில்தான். செம, மொக்கை, இழுவை. இதுல மூணாவதுதான் டேஞ்சர்.

2024 செப்டம்பர்ல 'மெய்யழகன்' வந்த புதுசுலேயே பார்த்துட்டு டீக்கடையில நானும் அதைத்தான் சொன்னேன். உண்மையில எனக்குப் படம் புடிச்சிருந்தது. தன்மேல உயிரையே வச்சிருக்கிறவனோட பேரு ஞாபகம் வராம அரவிந்த்சாமி தவிக்கிறதைப் பார்த்து கண்ணு கலங்கிடுச்சு (வெளிய சொல்லிடாதீங்க). ஆனா கூட வந்த நாலு பேரும் "ரொம்ப நீளம்டா"ன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன்.

எல்லா ஊர்லயும் இப்படித் தலையாட்டியிருப்பாங்க போல. சில நாள்லயே படத்துல 18 நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க. ரெண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுறதுதாங்க படமே! பேச்சை வெட்டினா அப்புறம் என்ன இருக்கு? நீளம்னு சொன்ன ஒருத்தனும் எந்த சீன் வேண்டாம்னு சொல்லவே இல்ல. என்னைக் கேட்டிருந்தா நானும் முழிச்சிருப்பேன்.

அடுத்த வாரம் படம் பார்த்த நண்பன்கிட்ட, "கார்த்தி ஜல்லிக்கட்டு பத்திப் பேசுவாரே, எப்படி?"ன்னேன். "அப்படி ஒண்ணும் வரலையே"ன்னான். மனசு கேக்கல. பஸ் ஸ்டாப்புலயே நின்னு முழுசா சொல்ல ஆரம்பிச்சேன்.

"இழுக்காதடா, பஸ் வந்துடுச்சு"ன்னு ஏறிட்டான்.