நோய் வந்தது சாலை வழியே, பழி விழுந்தது பெயரின் மேல்



2020 மார்ச் இறுதியில், டில்லி நிஜாமுத்தீன் மர்கஸிலிருந்து திரும்பியோரைக் காட்டி நம் சமுதாயம் முழுவதையும் நோய் பரப்புவோர் என்று தூற்றியதை எவரும் மறந்திருக்க முடியாது. தொற்றுக் காலத்தில் நெருங்கிக் கூடுவது ஆபத்து என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தப் பிழைக்கு ஒரு மார்க்கத்தின் பெயரைச் சூட்டியதே அநீதி. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்ட் 21இல் ரத்துச் செய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடாக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக் கூடும் என்றது.

நம் கள்ளக்குறிச்சிக்கு நோய் வந்த வழியைப் பாருங்கள். கோயம்பேடு சந்தை மே 5இல் மூடப்பட்டது. அதற்குள் அங்கே சுமை தூக்கிய கூலியாட்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர், கள்ளக்குறிச்சி என்று ஊர் திரும்பியிருந்தனர். பலர் வந்தது காய்கறி லாரிகளில். பின்னர் மகாராஷ்டிரத்தில் பிழைப்பிழந்தோர் வந்தனர். கிருமி எவரிடமும் கலிமா கேட்கவில்லை. திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை வரை வந்து, சேலம் சாலையில் திரும்பியது, அவ்வளவே.

இத்தனை பழியையும் சுமந்த நாம் இன்று என்ன செய்கிறோம்? கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர், நம் மலைமக்களே) கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று திரும்புகிறார்கள். "மலைக்காரன் காய்ச்சலைக் கொண்டு வந்துவிட்டான்" என்று கடைத்திண்ணையில் பேசுவோரில் நம்மவரும் உண்டே!

சிலர் இதற்கு ஹதீஸையும் துணைக்கு அழைப்பர். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் கூடாது, அங்கிருந்து வெளியேறவும் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது உண்மை. ஷாம் நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். படையுடன் அங்கேயே தங்கிய அபூஉபைதா (ரலி) அவர்கள் அம்வாஸ் கொள்ளைநோயில் மறைந்தார்கள். அக்கட்டளை பயணத்தைப் பற்றியது, பயணியின் குலத்தைப் பற்றியதன்று. மேலும், இருந்த இடத்திலேயே இரு என்பவர், அங்கே அவனுக்குச் சோறு உண்டா என்றும் கேட்க வேண்டும். 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு அடைக்கப்பட்டபோது கூலியாட்களுக்கு இல்லாமற்போனது அந்தச் சோறுதான்.

அடுத்த தொற்றுக் காலத்தில், தனித்திருக்கும் மலைக்குடும்பத்துக்கு நம் மஹல்லாவின் ஸதகா நிதியிலிருந்து பதினான்கு நாள் அரிசி போகுமா? ஜமாஅத் நிர்வாகிகள் இதை அடுத்த மஷூராவிலேயே தீர்மானிக்கட்டும்.