வாயால் சொன்னது போதும், தோழர்களே!

பட்டான்செரு, பாசமைலாரம், பொல்லாரம், ஜீடிமெட்லா ஆலைகளில் உழைக்கும் தோழர்களே! நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, நேற்று ரயிலில் வந்து இறங்கிய ஹெல்பர் என எல்லோருக்குமான அவசர அழைப்பு இது.

2025 ஜூன் 30, திங்கட்கிழமை காலை. பாசமைலாரம் சிகாச்சி ஆலை வெடித்தது. மூன்று மாடிக் கட்டடம் உள்ளே இருந்தவர்கள் மேலேயே சரிந்தது. போனது 54 உயிர். மரபணுச் சோதனை செய்துதான் பல உடல்களுக்குப் பெயர் சொல்ல முடிந்தது. எட்டுப் பேருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவர்களுடைய உடலே கிடைக்கவில்லை. அவர்களுடைய குடும்பங்களுக்குக் கொள்ளி வைக்கவும் உடலில்லை.

அங்கே தயாரித்தது வெடிமருந்தா? இல்லை. மரக்கூழிலிருந்து எடுக்கும் மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ். மாத்திரை உதிராமல் பிடித்து வைக்கும் வெள்ளைப் பொடி. நாம் தினமும் விழுங்குகிறோம், ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதே பொடி மூடிய அறைக்குள் காற்றில் மிதக்கும்போது ஒரு பொறி விழட்டும், அது வெடிமருந்துதான். முதல் வெடிப்பு சிறியதாகவே இருக்கலாம். அதன் அதிர்ச்சியில் உத்தரத்திலும் குழாய் மேலும் படிந்து கிடக்கும் தூசி மொத்தமும் கிளம்பும். இரண்டாவது வெடிப்பு கட்டடத்தையே தூக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட வராத படலம் போதும் அதற்கு. பொடி ஓடும் ஆலையில் இருப்பவர்கள் இன்றே உங்கள் தலைக்கு மேலுள்ள குழாயை விரலால் தடவிப் பாருங்கள். கோடு விழுகிறதா? அந்தக் கோடுதான் எச்சரிக்கை.

'பழைய இயந்திரங்களால் ஆபத்து வரும் என்று அப்பா பலமுறை சொன்னார், நிர்வாகம் கேட்கவில்லை.' சிகாச்சியில் இறந்துபோன தொழிலாளி ஒருவரின் மகன் போலீசில் கொடுத்த புகார் இது. படித்தபோது எத்தனை பேருக்கு நெஞ்சு அடைத்தது! நாமும் சொல்லித்தானே வருகிறோம்? சூப்பர்வைசரிடம் சொல்கிறோம், டீக்கடையில் சொல்கிறோம். வாயால் சொன்னது காற்றோடு போகிறது. வெடித்த பிறகு, 'யாரும் எங்களிடம் சொல்லவில்லை' என்று கைவிரிக்க அவர்களுக்கு எவ்வளவு வசதி!

பாசமைலாரம் இருக்கும் இதே சங்காரெட்டி மாவட்டத்தில் 2024 ஏப்ரலில் எஸ்.பி. ஆர்கானிக்ஸ் ஆலை வெடித்தது. அந்த ஆகஸ்டில் ஆந்திராவின் அச்சுதாபுரம் மருந்து ஆலையில் 17 பேர் மாண்டார்கள். சிகாச்சி வெடித்த மறுநாளே சிவகாசி அருகே சின்னக்காமன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஒவ்வொரு முறையும் இரங்கல், இழப்பீடு, விசாரணைக் குழு. இதை விதி என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். பொடியைக் கூட்டி அள்ளாததும், பழுதான இயந்திரத்தை ஓட்டச் சொன்னதும் விதி அல்ல, செலவைக் குறைக்க எடுத்த முடிவு.

சட்டம் நம் கையிலும் ஓர் ஆயுதம் தந்திருக்கிறது. போபாலில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து இருப்பது உறுதியானால் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. பூட்டி வைத்த ஆயுதம் யாரைக் காக்கும்?

ஆகவே தோழர்களே, எழுதுங்கள்! எந்த இயந்திரம், என்ன பழுது, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரே தாளில் எழுதுங்கள். தனி ஆளாகக் கையெழுத்துப் போட்டால் மறுநாள் கேட்டில் நிறுத்துவார்கள். ஷிப்ட் முழுதும் போடுங்கள். தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் படித்துக் காட்டி, காண்ட்ராக்ட் தோழர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒன்று ஆய்வாளருக்கு, ஒன்று சங்கத்துக்கு. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரின் பெயரும் கேட் பதிவேட்டில் ஏறுகிறதா என்று தினமும் பாருங்கள்.

நாளைக்கு என்று தள்ள வேண்டாம். அந்தத் திங்கட்கிழமை காலை டிபன் டப்பாவோடு உள்ளே போனவர்களும் சாயங்காலம் அறைக்குத் திரும்புவோம் என்றுதான் நினைத்திருந்தார்கள். இன்றைய ஷிப்ட் முடியுமுன் அந்தத் தாள் எழுதப்பட வேண்டும்.