வெயில் கணக்கு பாகூருக்கு வந்து சேருமா?

கத்திரி வந்தால் வெயில் கொளுத்தும். இதைச் சொல்ல ஓர் இலாகா வேண்டுமா? வில்லியனூர் கடைத்தெருவில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு.

வேண்டும்! கத்திரி வருஷா வருஷம் வருகிறது. ஆனால் எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்வதில்லையே!

2016 முதல் இந்திய வானிலை இலாகா கோடைக்கு முன்பே ஒரு கணிப்பு வெளியிடுகிறது. பல வருஷத்து வெயிலைக் கணக்கெடுத்து "அதிகம், வழக்கம், குறைவு" என்று மூன்று கூறு போடுகிறார்கள். ஒரு துப்பும் இல்லாவிட்டால் ஒவ்வொரு கூறுக்கும் 33 சதவிகிதம். "அதிகம்" என்பதற்கு 60 சதவிகிதம் என்றால், அடிக்கப் போவது 60 டிகிரி அல்ல, பயப்பட வேண்டாம்! பத்தில் ஆறு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். மீதி நாலு பங்கில் வெயில் தணிந்தும் போகலாம். அதற்காக "புளுகிட்டாங்க" என்று திட்டுவது நியாயமல்ல.

2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பெரும்பகுதியில் வெயில் கூடும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். புதுச்சேரி நகரில் சிக்னலுக்குச் சிக்னல் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். ஸ்கூட்டரில் நின்றவர்கள் வாழ்த்தினார்கள். நல்ல காரியம்தான்.

பாகூர் வயலில் குனிந்து நிற்கிறவளுக்கு எந்தப் பந்தல்?

நகரத்துக்குக் கடற்காற்று மதியத்துக்குள் வந்துவிடும். உள்ளே தள்ளியிருக்கும் வில்லியனூர் பக்கம் அது வந்து சேர நேரமாகும். அதற்குள் மண்டை காய்ந்துவிடும். நெல்லுக்கும் இதே கதைதான். பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் ஏறினால் கதிர் பதராகப் போகும். சொர்ணவாரி விதைக்கிறவருக்குக் கணிப்பு முன்னாலேயே கிடைத்தால், தேதியைக் கொஞ்சம் தள்ளலாம், ரகத்தையும் மாற்றலாம். அறுத்த பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்?

2023-ல் வெயில் தாங்காமல் பள்ளிக்கூடத் திறப்பை ஜூன் 14 வரை தள்ளினார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் அது வெயில் வந்த பிறகு எடுத்த முடிவு. ஏரி, வாய்க்கால் வேலையைக் காலை 11 மணிக்குள் முடிப்பது, தண்ணீர்ப் பந்தலுக்கு இடம் பார்ப்பது எல்லாம் மார்ச் கடைசியிலேயே முடிவாக வேண்டிய காரியங்கள்.

கணிப்பு அறிக்கை டெல்லியிலிருந்து வருகிறது, படமும் சதவிகிதமுமாக. அதைத் தமிழில் நாலு வரியாக்கி வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து வாசல் பலகையில் எழுதிப் போட ஒரு சாக்பீஸ் போதாதா?