யந்திரத்தின் சந்தேகம்

கணினியிலும் கைப்பேசியிலும் நுழையும்போது கடவுச்சொல் கேட்பது போதாதென்று, நுழைந்த பிறகும் நாம் இன்னார்தானா என்று விடாமல் சோதிக்கும் முறை வந்திருக்கின்றது. அதாவது, எழுத்துகளைத் தட்டும் வேகம், தட்டுக்குத் தட்டு விடும் இடைவெளி, திரையில் விரல் ஓடும் விதம் முதலியவற்றை அளந்து வைத்துக்கொண்டு, அவை மாறினால் யந்திரம் சந்தேகப்படும். இதில் தெய்வீகம் ஒன்றுமில்லை. இரண்டாவது உலக யுத்தத்திலேயே, தந்தியடிக்கும் கைப்பழக்கத்தைக் கேட்டு எதிரியின் தந்திக்காரன் இன்னான் என்று கண்டுகொண்டார்கள்.

2025-ல் ரிசர்வ் பாங்கு வகுத்த விதிகளும், பணப் பரிமாற்றத்தில் உபயோகிப்பவரின் நடத்தைப் போக்கைக் கவனிக்க இடந்தருகின்றன. திருடனைத் தடுக்குமானால் நமக்கு ஆட்சேபணையில்லை.

ஆனால் யந்திரம் அறிவது பழக்கத்தையேயன்றி ஆளையல்ல. அது சொல்வதும் 'இருக்கலாம்' என்கின்ற கணக்கேயாகும். எவ்வளவுக்குமேல் சந்தேகம் என்று கோடு கிழிப்பவன் மனிதன்தான். இலுப்பூரில் ஒரு கூலித் தோழர் விரலில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு கைப்பேசியைத் தொட்டால், அவர் வேறு ஆளாகிவிடுவாரா? அவர் பணத்தை நிறுத்திவிட்டு 'யந்திரம் சொல்லிற்று' என்பதற்கும், 'சாஸ்திரம் சொல்லிற்று' என்பதற்கும் என்ன வித்தியாசம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கின்றது. ஆகவே தோழர்களே! அளப்பதை முன்கூட்டிச் சொல்லவேண்டும். சந்தேகித்தால் காரணம் காட்டவேண்டும். வேறு வழியில் மெய்ப்பிக்க இடங்கொடுக்கவேண்டும். முடிவை மனிதனே பொறுப்பேற்றுச் செய்யவேண்டும் என்று பாங்குக்காரரையும் சர்க்காரையும் கேட்பது நம் கடமையாகும்.