மல்லாபூர் மண்ணுக்கடியில் யாருடைய கடன்?

ஹைதராபாத் நகரின் கிழக்கே நாச்சாரத்தை ஒட்டியுள்ள மல்லாபூர் தொழிற்பேட்டையின் பெயர் இப்போது நிலத் தரகர்களின் வாயில் அதிகமாக அடிபடுகிறது. தெலுங்கானா அரசு 2025 நவம்பரில் வெளியிட்ட தொழில்நில மாற்றக் கொள்கை, நகரத்துக்குள் உள்ள 22 தொழிற்பேட்டைகளின் சுமார் 9,292 ஏக்கர் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், அலுவலகம் எனப் பல பயன்பாட்டுக்கும் திறந்துவிட வழிசெய்தது. மல்லாபூர், நாச்சாரம், உப்பல், ஜீடிமெட்லா, பாலாநகர் எல்லாம் அந்த வரம்புக்குள் வருகின்றன. பதிவுத்துறை மதிப்பில் 30 அல்லது 50 சதவீதத்தைச் செலுத்தினால் போதும், தொழிற்சாலை நிலம் மனை நிலமாகிவிடும். மக்களின் தேவைக்கெனத் தொழில் தொடங்க மலிவு விலையில் தரப்பட்ட நிலம் இவ்வளவு குறைந்த கட்டணத்தில் தனியார் கைக்குப் போகலாமா என்ற விவாதம் சூடாக நடக்கிறது. நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் அந்த நிலத்துக்குள் என்ன கிடக்கிறது என்ற கேள்வியை விலை பேசுவோர் எவரும் எழுப்பவில்லை.

தொழிற்சாலைக் கழிவு என்றதும் புகைபோக்கியும் நிறம் மாறிய ஓடையும்தான் நினைவுக்கு வரும். அவை கண்ணில் படுபவை. கண்ணில் படாத கழிவுதான் அதிகம். கொதிகலனின் அடியில் தங்கும் கசடு, வடித்தெடுத்தபின் மிஞ்சும் தார்போன்ற எச்சம், பயன்படுத்தித் தீர்ந்த கரைப்பான், சக்தி இழந்த வினையூக்கி, நிறம் நீக்கப் பயன்பட்ட கரித்தூள், சுத்திகரிப்பு நிலையத்தின் சேறு, காலாவதியான மூலப்பொருள், வடிகட்டித் துணி, கையுறை, காலி பீப்பாய் ஆகிய எதுவும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பளிச்சென்று தெரியாது. வேதியியல் துறையில் ஒரு பொருளின் எடைக்கு எத்தனை மடங்கு கழிவு உண்டாகிறது என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. பெட்ரோலியச் சுத்திகரிப்பில் ஒரு கிலோ பொருளுக்கு 100 கிராம் கழிவு. மருந்துத் துறையிலோ ஒரு கிலோ மூல மருந்துக்கு 25 முதல் 100 கிலோ வரை, சில வேளைகளில் அதற்கும் மேல். அப்படிப் பார்த்தால் மூல மருந்து ஆலை பெருமளவில் உற்பத்தி செய்வது கழிவையே. மருந்து அதில் ஒரு சிறு பகுதி.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, கழிவை உருவாக்கியவரே அதற்குப் பொறுப்பு. ஆலை வளாகத்தில் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது. வெளியே அனுப்பும் ஒவ்வொரு சுமைக்கும் ஏழு படிகள் கொண்ட அனுப்புகைச் சீட்டு எழுதவேண்டும். ஹைதராபாத்துக்கு வடமேற்கே துண்டிகலில் பாதுகாப்பான புதைகுழி வசதியும் இருக்கிறது. ஆனால் முறையாக அனுப்பினால் எடைக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். இடைத்தரகனிடம் கொடுத்தாலோ, இரவில் டேங்கர் லாரி ஏதோ ஒரு நாலாவில் திறந்துவிடப்படும். பீப்பாய் பழைய இரும்புக் கடைக்குப் போகும். சீட்டில் எழுதப்படாத கழிவு சட்டத்தின் கண்ணுக்குக் கழிவே அல்ல. முதலாளிக்கு மிச்சமாகும் அந்தச் சில ரூபாயை ஓடைக்கரையில் வாழ்பவரும் குப்பை பொறுக்குபவரும் தம் உடலால் செலுத்துகிறார்கள்.

2025 தொடக்கத்தில் மல்லாபூருக்கு அருகேயுள்ள குஷாய்குடாவில், குப்பையோடு கலந்து கிடந்த வேதிப்பொருள் வெடித்து மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அந்தத் தொழிலாளி எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லாதவர். எந்த ஆலையின் பாதுகாப்புப் பயிற்சியும் பெறாதவர். ஆலைக்குள் நடந்தால் தொழில் விபத்து. ஆலையின் கழிவு தெருவில் வெடித்தால் ‘மர்மப் பொருள்’. செய்தித்தாள்கள் வழக்கமாகக் கையாளும் இந்தச் சொல் யாரைக் காப்பாற்றுகிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

ஹைதராபாத்தின் மருந்துத் தொழில் தானாக முளைத்ததன்று. 1961இல் சோவியத் உதவியோடு உருவான பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல். பாலாநகரில் அமைத்த ஆலைதான் அதன் தாய்மடி. அங்கே பயின்ற வேதியியலாளர்கள் பலர் பின்னர் சொந்த நிறுவனங்களைத் தொடங்கினர். பொதுப்பணத்தில் பெற்ற அறிவு தனியார் லாபமானது. லாபத்தோடு பிறந்த நஞ்சு மட்டும் பொதுச்சொத்தாகவே இருந்துவிட்டது. நகரின் மறுகோடியிலுள்ள பட்டன்செரு இதற்குச் சான்று. அங்கு சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டனர். ‘சுத்திகரிக்கப்பட்ட’ அந்த நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. மருந்து உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் இது. ஒரே நாளில் ஓடையில் கலந்த அளவு, ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாட்களில் பயன்படுத்துவதற்குச் சமம் என்று அவர்கள் கணக்கிட்டனர். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் அத்தகைய நீரில்தான் பயிற்சி பெறுகின்றன.

பட்டன்செரு விவசாயிகள் 1990 முதல் உச்சநீதிமன்றம் வரை போராடியபின் கிடைத்த தீர்வுகளில் ஒன்று விசித்திரமானது. சுமார் 18 கிலோமீட்டர் குழாய் போட்டு, அந்த நீரை நகரத்தின் கழிவுநீரோடு சேர்த்து அம்பர்பேட்டைக்குக் கொண்டுவந்தார்கள். நக்காவாகு ஓடையின் சுமை மூசி நதியின் சுமையானது. மூசிக்குக் கீழே நெல் பயிரிடும் விவசாயிகளை யாரும் கேட்கவில்லை.

நீரையாவது குழாயில் திருப்பிவிடலாம். மண்ணை அப்படிச் செய்ய முடியாது. மல்லாபூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இயங்கும் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், நகரின் தெற்கிலுள்ள காட்டேடன் தொழிற்பேட்டையின் மண்ணைச் சோதித்து, ஈயம், துத்தநாகம், குரோமியம் போன்ற உலோகங்கள் இயல்புக்கு மிக மேலான அளவில் படிந்திருப்பதைப் பதிவு செய்துள்ளனர். காட்டேடனும் இந்தப் பட்டியலிலுள்ள தொழிற்பேட்டைதான். ஆலை மூடப்பட்டாலும் ஈயம் மூடிக்கொள்வதில்லை. நாளை அந்த மண்ணில் அடுக்குமாடி எழுந்து, வங்கிக்கடன் வாங்கி ஒரு நடுத்தரக் குடும்பம் குடியேறும்போது, கட்டுநர் தருகிற விற்பனைப் பத்திரத்தில் நீச்சல்குளத்தின் பரப்பளவு இருக்கும்; நிலத்தடி நீரின் ஆய்வறிக்கை இருக்குமா?

ஒன்றிய அரசு 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கென்றே தனி விதிகளை வெளியிட்டிருக்கிறது. மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாசுபடுத்தியவரை அடையாளம் காண முடியாவிட்டாலோ அவரால் செலுத்த இயலாவிட்டாலோ அரசே ஏற்கவேண்டும். நிலத்தை விற்றுவிட்டு நிறுவனத்தைக் கலைத்துவிடுபவருக்கு இதைவிட வசதியான கதவு கிடைக்காது. இராஜஸ்தானின் பிச்சிரி கிராமத்துக் கிணறுகளை நஞ்சாக்கிய ஆலைகள் மீது உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மனுவுக்குமேல் மனு போட்டு நிறுவனம் இழுத்தடித்தது. 2011இல் கூட்டு வட்டியோடு செலுத்துமாறு நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகள்!

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கிடந்தது. கொடைக்கானலில் யூனிலீவர் துணை நிறுவனத்தின் வெப்பமானி ஆலையிலிருந்து வந்த பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய பொருள் கடையில் கிடந்ததை 2001இல் மக்கள்தான் கண்டுபிடித்தார்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அல்ல. போபாலின் 337 டன் கழிவு, நாற்பது ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டது, அவ்வூர் மக்களின் எதிர்ப்பையும் மீறி.

நிறுவனங்களால் எதுவும் செய்ய முடியாது என்பதல்ல. உள்ளே வரும் ஒவ்வொரு கிலோவும் பொருளாக, நீராக, ஆவியாக, கசடாக எங்கே போயிற்று என்று பொருள்சமநிலைக் கணக்கு போடுவது மருந்து ஆலைக்குக் கடினமான வேலையல்ல; தரக்கட்டுப்பாட்டுக்காக அதைவிடச் சிக்கலான கணக்குகளை அவை அன்றாடம் போடுகின்றன. கரைப்பானை வடித்து மீட்டால் பணமும் மிஞ்சும். எரியக்கூடிய எச்சத்தை சிமெண்ட் சூளையில் உரிய கட்டுப்பாட்டோடு எரிக்கலாம். பீப்பாயைக் கழுவித் துளையிட்ட பிறகே வெளியே விடலாம். சிறு ஆலைகளால் இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது உண்மையே. ஆனால் மல்லாபூர் போன்ற இடங்களின் சிறு ஆலைகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்காக இடைநிலைப் பொருள் செய்து தருபவை. அபாயகரமான கட்டத்தைச் சிறியவரிடம் தள்ளிவிட்டு, தூய்மையான கட்டத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பெரிய நிறுவனத்துக்கு அந்தக் கழிவின் பொறுப்பும் உண்டு. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அது எழுதப்பட வேண்டும்.

எந்தக் குழியில் எது கொட்டப்பட்டது என்பது தொழிலாளிக்குத் தெரியும். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகள் அபாயங்களைப் பற்றிய தகவலைப் பெறவும், உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டவும் தொழிலாளிக்கு உரிமை தந்தன. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் ஆலை ‘தொழிற்சாலை’ ஆவதற்கான எண்ணிக்கையை 10இலிருந்து 20ஆக உயர்த்திவிட்டது. ஜன் விஸ்வாஸ் சட்டமோ சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்கான ஐந்தாண்டுச் சிறையை நீக்கி, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதமாக்கியது. அபராதம் கட்டாவிட்டால்தான் சிறை. ஹைதராபாத் நில விலையில் 15 லட்சத்துக்கு என்ன கிடைக்கும்?

பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி தருமுன் ஒவ்வொரு மனையிலும் துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, முடிவைத் தெலுங்கிலும் உருதுவிலும் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். மாற்றக் கட்டணம் தவிர, சுத்தம் செய்வதற்கான தொகையை நில உரிமையாளரிடமிருந்து முன்கூட்டியே பெற்றுத் தனிக்கணக்கில் வைக்கவேண்டும். ஆலைகளில் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்த நிரந்தர, ஒப்பந்த, வெளிமாநிலத் தொழிலாளர்கள் அனைவருக்கும், ஆலை வெளியேறும் முன் நிறுவனத்தின் செலவில் மருத்துவப் பரிசோதனை நடக்கவேண்டும். பாசமைலாரத்தில் 2025 ஜூன் 30 அன்று சிகாச்சி ஆலை வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண்ணிக்கையையே உறுதிப்படுத்தப் பல நாட்கள் ஆயின. உயிரோடு வெளியேறும் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றிய பதிவு எந்த அலுவலகக் கோப்பிலும் இப்போது இல்லை.